நிலமும் பொழுதும்: முக்கொம்பில் நீர்வண்ணம்

திருச்சியை வரைந்த நீர்வண்ணப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபடும். பெரும்பாலான படங்களில் மலைக்கோட்டை இருக்கும், காவிரி அதற்கு முன்னால் கிடக்கும். மலை கதாநாயகன், ஆறு அவனுக்குப் பிடித்த கண்ணாடி. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் முப்பது நொடியில் வரைந்து முடிக்கப்படும் படங்களிலும் இதே ஏற்பாடுதான். பரிசல் ஒன்று, ஆரஞ்சு வானம் ஒன்று, தூரத்தில் பாறை. கீழே "இயற்கையே என் ஆசான்" என்று ஒரு வரி.

இந்த வரியின் மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம் உண்டு. எந்த இயற்கை? எந்த மாதத்துக் காவிரி? எத்தனை மணிக்கு? நீர்வண்ணக்காரர் ஒருவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகள் இவை என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விகளைக் கேட்க முக்கொம்பைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால் அங்கே வரைவதற்கு "ஒன்றுமே இல்லை". மலை இல்லை, கோபுரம் இல்லை. திருச்சியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் மேற்கே, ஆறு ஒன்றாக வந்து இரண்டாகப் பிரியும் இடம். படுக்கைவாட்டில் நீளும் மதகுகள், மணல், நாணல், வானம். காட்சி என்று சொல்ல ஒரு உச்சி கூட இல்லாத நிலம்.

இந்த ஊரின் படங்கள் எப்படி உருவாயின என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் தென்னகம் முழுக்கச் சுற்றியபோது திருச்சிக்கும் வந்தார்கள். அவர்கள் திரும்பிப்போய் 1795 தொடங்கி 1808 வரை வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளின் 144 படங்களில் காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டையும் உண்டு. அவை அக்வாடின்ட் அச்சுகள். செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து, நீர்வண்ணத்தின் மெல்லிய படலம் போன்ற சாயலைக் கொண்டுவரும் முறை. வண்ணம் பிறகு கையால் தீட்டப்படும். வரைவதற்கு அவர்கள் கேமரா அப்ஸ்க்யூரா பயன்படுத்தினார்கள். இருட்டுப் பெட்டிக்குள் லென்ஸ் வழியாக விழும் பிம்பத்தைத் தாளில் பிடிக்கும் கருவி. அளவு பிசகாது, கோணம் பிசகாது. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. அது எந்த நேரம் என்று சொல்லவே முடியாது. எப்போதும் இதமான ஒரு மாலை. திருச்சியில் சித்திரை வெயில் என்று ஒன்று இருப்பதே அந்தத் தாளுக்குத் தெரியாது.

அடுத்த நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்கள் காக்காப்பொன் தகட்டில் வரைந்தார்கள். அப்பிரகம் என்றும் சொல்வோம், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் கனிமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்குத் திருச்சி பேர்பெற்ற ஊர். தெய்வங்கள், தொழில் செய்பவர்கள், பல சாதிக்காரர்கள் என்று உள்ளங்கை அளவில் வரைந்து, தொகுப்பாக வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சில தொகுப்புகளில் ஒரு அட்டையில் முகம் மட்டும் இருக்கும், முகம் இல்லாத உடைகளைத் தனித்தனித் தகடுகளில் வரைந்திருப்பார்கள். தகட்டை மாற்றி மாற்றி முகத்தின் மேல் வைத்தால் அதே ஆள் வேறு வேறு ஆளாவார். வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. அந்த மனிதர்களின் காலடியில் ஒரு துண்டு தரை இருக்கும், அவ்வளவுதான். ஆறு இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வினோதம் தெரிகிறது. வந்து போனவர்கள் நிலத்தை வரைந்தார்கள், மனிதர்கள் அதில் எறும்பு அளவு. இங்கேயே இருந்தவர்கள் மனிதர்களை வரைந்தார்கள், நிலம் காணாமல் போயிற்று. சொந்த ஊர்க்காரனுக்கு ஆற்றை வரையத் தோன்றவில்லையா என்றால், அது வேறு விஷயம். யார் காசு கொடுத்தார்களோ அவர்கள் கேட்டது வரையப்பட்டது. ஊருக்கு வந்த துரை ஆள்களின் படத்தைத்தான் வாங்கிப்போக விரும்பினார். அவருக்கு வேண்டிய நிலத்தை அவருடைய ஆளே வந்து வரைந்துவிட்டார்.

அதன் பிறகும் நம் வெகுஜன ஓவியத்தில் ஆறு தனியாக நின்றதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு அன்று ஒரு நீர்க்கரையில்தான் தொடங்குகிறது. 1950இல் தொடங்கி 1954 வரை அந்தத் தொடருக்கு மணியம் வரைந்த படங்கள்தான் மூன்று தலைமுறைக்குக் காவிரியின் காலத்தைக் கண்ணில் காட்டின. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அங்கே தண்ணீர் ஒரு மேடை. அதில் குதிரை வரும், ஓடம் வரும், ஆள் வந்தபிறகுதான் தண்ணீருக்கு வேலை. சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். நேரில் பார்த்து வரைதலுக்குத் தமிழில் அவரைவிடப் பெரிய உதாரணம் சொல்ல முடியாது. ஆனால் கல் காத்திருக்கும். நாளைக்கும் அதே இடத்தில் நிற்கும். ஆறு அப்படி இல்லை.

இங்கேதான் எனக்கு எட்வர்ட் லியர் முக்கியமாகப் படுகிறார். பள்ளிக்கூடத்தில் ஆந்தையும் பூனையும் கடலுக்குப் போன பாட்டு படித்திருப்போமே, அதை எழுதிய அதே ஆள். பாட்டுக்கு முன்பே அவர் தொழில்முறை ஓவியர். 1846இல் விக்டோரியா மகாராணிக்குச் சில நாள் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்ததன் பேரில் 1873 கடைசியில் பம்பாயில் வந்து இறங்கினார். 1874இல் தெற்கே வந்தபோது திருச்சியையும் தஞ்சையையும் வரைந்தார். அப்போது வயது அறுபத்திரண்டு. உடம்பும் சரியில்லை.

அவருடைய வேலைமுறைதான் நமக்குப் பாடம். வெட்டவெளியில் அவர் வண்ணப்பெட்டியை உடனே திறப்பதில்லை. முதலில் பென்சிலால் வேகமாகக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவிலேயே எழுதுவார். இந்த இடம் மணல், இது இளஞ்சிவப்பு, இங்கே இருண்ட பச்சை என்று. பாறை என்பதற்கு ஆங்கிலத்தில் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு விளையாட்டாக ஒரு சொல் போடுவார். தாளின் ஓரத்தில் இடம், தேதி, மணி, வரிசை எண். பிறகு தங்குமிடத்தில், சிலசமயம் மாதக்கணக்கில் கழித்து, அந்தப் பென்சில் கோட்டின் மேல் மையால் கோடிழுத்து, தான் எழுதிவைத்ததைத் தானே படித்துப் படித்து வண்ணம் பூசுவார்.

இதைச் சில விமர்சகர்கள் குறையாகச் சொல்வார்கள். எழுத்து படத்தைக் கெடுக்கிறதாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கண்ணுக்குப் பட்டது ஒரு நிமிடத்தில் மாறிவிடும் என்று தெரிந்த ஆள் செய்கிற வேலை அது. படம் முடிவது பிறகு, ஆனால் சாட்சி சொல்லியாகிவிட்டது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1821லும் 1822லும், கான்ஸ்டபிள் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே கவலைதான். நேரம் எழுதாத வானம் பொய் வானம்.

நமக்கு இது புதுசா என்ன? தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும். இரண்டும் சேர்ந்தால்தான் முதல். நிலம் மட்டும் இருந்தால் அது மேப். அப்புறம்தான் கருப்பொருள், அந்த நிலத்தின் மரம், பறவை, மக்கள், தொழில். அப்புறம் உரிப்பொருள், அங்கே நிகழும் உணர்வு. இதை நாம் கவிதைக்கு மட்டும் பூட்டிவைத்துவிட்டோம். பரீட்சைக்குப் படித்து மறந்தும்விட்டோம். நீர்வண்ண ஓவியத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. டேனியல்களிடம் நிலம் உண்டு, பொழுது இல்லை. காக்காப்பொன் ஓவியர்களிடம் கருப்பொருள் உண்டு, நிலம் இல்லை. லியரிடம் நிலமும் பொழுதும் உண்டு. உரிப்பொருள்? அது வழிப்போக்கனின் உரிப்பொருள். அடுத்த ரயிலைப் பிடிக்கவேண்டிய ஆளிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

அப்படியானால் இங்கேயே இருந்து, திரும்பத் திரும்ப அதே மணலுக்குப் போகிற ஒருவர் வரைந்தால் எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வரைகிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அப்படித்தான் கூப்பிடுவதும். பல வருஷமாக முக்கொம்புக்கு மட்டும்தான் போகிறார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். மருதத்துக்கு வைகறை என்று இலக்கணம் சொல்வதால் அல்ல. சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கு மேல் திருச்சியில் நீர்வண்ணம் நடக்காது. தட்டில் கலந்த வண்ணம் தூரிகைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். வானத்துக்கு ஒரு படலம் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அடுத்த வண்ணத்தை விடவேண்டும், அப்போதுதான் இரண்டும் ஓரம் தெரியாமல் கலக்கும். வெயிலில் பாதி தூரம் போவதற்குள் தாள் காய்ந்து நடுவில் கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் தலைகீழ். காற்றில் ஈரம், அரை மணி நேரம் ஆனாலும் காயாது. பொறுமையில்லாமல் அடுத்த சொட்டு வைத்தால் பூத்துக்கொள்ளும், காலிஃபிளவர் மாதிரி. ஆக, படத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அன்றைய காற்று. நீர்வண்ணத்தில் இயற்கையின் "ஊக்கம்" என்பது இதுதான் என்பேன். அது தாளுக்கு வெளியே நின்று காட்சி கொடுப்பதோடு நிற்பதில்லை. தாளுக்குள் இறங்கி வேலை செய்கிறது.

போனதும் அவர் வரையமாட்டார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, மணி, தண்ணீர் உண்டா இல்லையா, கொள்ளிடம் பக்கம் எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று எழுதுவார். பார்க்க பொதுப்பணித்துறை ஊழியர் மாதிரி இருக்கும். பிறகு தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சின்னப் படங்கள், எது இருட்டு எது வெளிச்சம் என்று மட்டும். அதன் பிறகே 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள்.

ஒருமுறை கேட்டேன். "மதகை எண்ணி எழுதி என்னண்ணே ஆகப்போவுது?"

"தம்பி, இங்க தண்ணி எப்ப வரும்னு மேகத்துக்குத் தெரியாது. மேட்டூர்ல இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அப்ப நான் எதைப் பாத்து வரையணும்?"

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. முக்கொம்பில் இயற்கை என்று நாம் ரசிப்பது முழுக்க ஏற்பாடு செய்யப்பட்ட ஒன்று. கொள்ளிடம் தாழ்வாக ஓடியதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே போய், காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். கட்டியபிறகு காவிரிப் பக்கம் அரிப்பு கூடிப்போய் அதற்கும் தனியாக ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆற்றுக்கு அட்டவணையே வந்துவிட்டது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். அணையில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் அதுவும் தள்ளிப்போகும். பெரும்பொழுது ஆறு என்று எண்ணிய மொழியில் இன்று ஆற்றுக்குப் பொழுது இரண்டுதான். திறந்திருக்கும் பொழுது, மூடியிருக்கும் பொழுது.

இன்ஸ்டாகிராம் காவிரியில் மூடியிருக்கும் பொழுது கிடையாது. அங்கே வருஷம் பூராவும் ஆடிப்பெருக்கு. இதை நான் வெறும் அழகியல் குறையாகப் பார்க்கவில்லை. ஆறு நிறைந்தே இருப்பதாக ஒரு தலைமுறை தொடர்ந்து வரைந்தால், அது காய்ந்து கிடப்பதும் மணல் லாரி லாரியாகப் போவதும் யார் கண்ணிலும் படாமல் போகும். படம் கண்ணுக்குப் பழக்கம் ஏற்படுத்தும். நல்ல பழக்கமும் வரலாம், மறதியும் வரலாம்.

அண்ணனின் படங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லாத ஆறு. நீர்வண்ணத்தில் வறண்ட ஆறு. இங்கே ஊடகமே ஒரு சிக்கலைக் கொடுக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளையை அப்பலாம். நீர்வண்ணத்தில் பழைய முறைப்படி போகிறவர்கள் வெள்ளை வண்ணம் தொடுவதில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விடவேண்டும். ஒருமுறை பூசிவிட்டால் அந்த வெண்மை முழுசாகத் திரும்பி வராது. எதை வரையப்போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடவேண்டும். காய்ந்த காவிரியின் மணல் மதியத்தில் கண்ணைக் கூசும். ஆகவே மணலைத் தாளாகவே விட்டுவிட ஆசை வரும். எளிது, அழகாகவும் இருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவர் செய்வதில்லை. "மணல் வெள்ளைன்னு நெனச்சா போச்சு. குனிஞ்சு பாரு. மஞ்சள் இருக்கு, கறுப்பு இருக்கு, மினுக்குது." மினுக்குவது அப்பிரகம்தான். இந்த ஊரின் பழைய ஓவியர்கள் எதன் மேல் வரைந்தார்களோ அதன் துகள். மணலுக்கு அவர் மெல்லிய காவியும் நீலமும் கலந்து விடுவார். நீலம் தாளின் சொரசொரப்பில் தங்கித் துகள் துகளாக நிற்கும், மணல் மணலாகத் தெரியும். அந்த இடங்கள் அவருடைய ஆகச் சிறந்த வேலை.

எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நாணல் பூத்திருக்கும் படங்களில் கை பழகிவிட்டது தெரிகிறது. மரங்களை ஒரே மாதிரி வீச்சில் முடித்துவிடுகிறார். எல்லாவற்றையும்விட, மனிதர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பில் கூடும் கூட்டம் இல்லை, சோற்றுமூட்டையோடு வரும் குடும்பம் இல்லை, மாங்காய்க் கீற்று விற்கும் அம்மா இல்லை. விடியற்காலையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது பதில் ஆகாது. மாட்டை ஓட்டிக்கொண்டு வருபவர் இருக்கிறார், நானே பார்த்திருக்கிறேன். டேனியல்கள் எறும்பாக்கிய மனிதரை இவர் முழுசாக அழித்துவிட்டார் என்று சண்டை போட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு நோட்டில் மணியை எழுதுவார்.

ஆனால் ஒரு படத்துக்கு முன்னால் என் வாதம் நிற்கவில்லை. 2018 ஆகஸ்ட் 22 அன்று, வெள்ளக் காலத்தில், கொள்ளிடம் மதகுகள் நாற்பத்தைந்தில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 180 வருஷம் நின்ற அணை. மணல் மூட்டையையும் பாறையையும் போட்டு அடைக்க ஆட்கள் இரவு பகலாக வேலை பார்த்தார்கள். மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் பேசினார்கள், கட்டுமானத்தின் வயது என்று வேறு சிலர். தண்ணீர் வடிந்து ஆட்களும் போனபிறகு அவர் அதை வரைந்தார். தாளின் குறுக்கே மதகுகளின் வரிசை, இருண்ட செங்குத்துக் கோடுகளாக ஒன்றன்பின் ஒன்று. நடுவில் ஓர் இடத்தில் கோடுகள் நிற்கின்றன. அந்த இடம் வெறும் தாள். மணலைக்கூடத் தாளாக விடாத ஆள், ஒன்பது மதகுகளை மட்டும் தாளாக விட்டிருக்கிறார்.

விஷயம் தெரியாதவர் பார்த்தால் காலைப் பனி என்று நினைப்பார். ஒரு நண்பர் அப்படித்தான் நினைத்தார், "அந்த ஒளி பிரமாதம்" என்றும் சொன்னார். படத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் தேதியும் மணியும், 'கொள்ளிடம், 9 இல்லை' என்ற இரண்டு சொல்லும் எண்ணும் இருக்கின்றன. அதைப் படித்ததும் ஒளி இருந்த இடம் ஓட்டையாகிவிடுகிறது. ஓவியம் எழுத்தைச் சார்ந்து நிற்கலாமா, தன் காலில் நிற்கவேண்டாமா என்று கேட்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால் தேதி படத்துக்கு வெளியே இருப்பது அல்ல, படத்தின் ஒரு நிறம். லியர் தனக்காக எழுதிக்கொண்டார், பிறகு வண்ணம் பூச. இவர் பார்ப்பவனுக்காக எழுதுகிறார். உரிப்பொருள் அங்கேதான் பிறக்கிறது, அந்தச் சின்ன எழுத்துக்கும் பெரிய வெள்ளைக்கும் நடுவில். அழுகை என்று சொல்லமாட்டேன். இரங்கல் என்றும் சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் எப்போதும் இருந்த இடத்தைக் கை தேடுமே, அது மாதிரி.

மனிதர் இல்லை என்று நான் போட்ட சண்டைக்கும் ஒரு பதில் அதில் கிடைத்தது, அரைகுறையாக. அணை மனிதர் கட்டியது, உடைந்ததிலும் மனிதர் பங்கு உண்டு. அந்த வெள்ளைக்குள் அவர்கள் இருக்கிறார்கள் என்று வாதாடலாம். முழுசாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. மாங்காய்க் கீற்று அம்மாவை யாராவது வரைந்தே ஆகவேண்டும், காலடியில் நிலத்தோடு, எத்தனை மணி என்ற குறிப்போடு.

நீர்வண்ணம் படிக்கிற பிள்ளைகளின் கையில்தான் முதலில் கொடுக்கப்படுகிறது. அதனாலோ என்னவோ அது எளிது, பொழுதுபோக்கு, பெரிய ஓவியத்துக்கு முன் ஒத்திகை என்று ஒரு நினைப்பு. இந்த ஆற்றுக்கு அதைவிட நேர்மையான ஊடகம் இருக்கமுடியாது என்றே எனக்குப் படுகிறது. திருத்த இடம் தராது. நேரத்துக்கு நேரம் கணக்குக் கேட்கும். எதை விட்டோம் என்பது பூசியதைவிடச் சத்தமாகத் தெரியும். வரைகிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை காவிரியை வரையும்போது கீழே "இயற்கை" என்று எழுதவேண்டாம். தேதியை எழுதுங்கள். எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒன்றும் திறக்கவில்லை என்றால் அதையும்.